தொப்பையோடு ஒரு சாம்பியன்: மல்யுத்தக்காரர் எம்எம்ஏவுக்குப் போனால்

தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் ஊரில் ஒரு வயலைச் சமன் செய்து, நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, ஃபோகஸ் லைட் கட்டிக் கபடி நடத்துவார்கள். நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். போன தையில் இரண்டு ஆட்டத்துக்கு நடுவே அக்கா மகன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, இந்த ஆளப் பாருங்க. தொப்ப தள்ளியிருக்கு. எதுத்தாப்ல நிக்கிறவன் பனைமரம் கணக்கா நிக்கிறான். ஆனா இந்தத் தொப்பக்காரன்தான் ஒரே நேரத்துல ரெண்டு பெல்ட் வச்சிருந்தானாம். செட்டிங்கா மாமா?"

செட்டிங் இல்லை. அவன் காட்டியது 2018 ஜூலை 7 அன்று லாஸ் வேகாஸில் நடந்த சண்டை. தொப்பைக்காரர் டேனியல் கார்மியர், பனைமரம் ஸ்டீபே மியோசிச். ஒருவர் 180 செமீ, இன்னொருவர் 193. முதல் ரவுண்டிலேயே பனைமரம் சாய்ந்தது. அது எப்படி என்று அன்றிரவு அவனிடம் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். எம்எம்ஏ என்பது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டி. அதைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடியிலிருந்தே வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் பக்கம் 'ரெஸ்லிங்' என்றால் அண்டர்டேக்கர் சீட்டு வைத்துத் திண்ணையில் விளையாடிய ஞாபகம்தான் வரும். அது முடிவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு செய்யும் வித்தை. அதிலும் அடிபடும், எலும்பு முறியும், ஆனால் யார் ஜெயிப்பார் என்பது எழுதி வைத்தது. நான் சொல்லும் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் நடப்பது, சுஷில் குமாரும் சாக்ஷி மாலிக்கும் பதக்கம் வாங்கிய விளையாட்டு. ப்ராக் லெஸ்னர் போன்றவர்கள்தான் ஆளைக் குழப்புவார்கள். அவர் 2000இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் சாம்பியன், பிறகு டிவி ரெஸ்லிங் நட்சத்திரம், 2008இல் நிஜமான எம்எம்ஏ சாம்பியன். மூன்றிலும் கால் வைத்தவர். அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டு மேலே போவோம்.

ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் மூன்று மூன்று நிமிடமாக இரண்டு பகுதி. எதிராளியைக் கீழே தள்ளி மேலே ஏறினால் இரண்டு புள்ளி, தூக்கி மல்லாக்கப் போட்டால் நாலு, இரண்டு தோளும் விரிப்பில் பதிந்துவிட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது. குத்து, உதை, கழுத்தை நெரிப்பது, மூட்டை முறுக்குவது எதற்கும் இடமில்லை. எம்எம்ஏவில் இவை எல்லாமே உண்டு. விரல் தெரியும் நாலு அவுன்ஸ் கையுறை, ஐந்து நிமிட ரவுண்டு மூன்று, பட்டத்துக்கான சண்டை என்றால் ஐந்து. எதிராளி மயங்கி விழலாம், நடுவர் நிறுத்தலாம், வலி தாங்காமல் தட்டிச் சரணடையலாம். எதுவும் நடக்காவிட்டால் மூன்று நீதிபதிகள் போடும் மதிப்பெண்ணில் முடிவு.

பாக்ஸரும் முவே தாய் என்ற தாய்லாந்துச் சண்டை பழகிய ஆளும் உதைத்தும் குத்தியும் பழகியவர்கள். மல்யுத்தக்காரருக்கு அந்த இரண்டும் தெரியாது. அப்படி இருக்க, எம்எம்ஏ சாம்பியன் பட்டியலில் ஏன் இத்தனை மல்யுத்தக்காரர்கள்?

கல்லணை வேலை

கல்லணைக்குப் போனவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் அங்கே நாலாகப் பிரியும்: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். தண்ணீருக்கு எவ்வளவு வேகம் இருந்தாலும் ஷட்டர் திறந்த பக்கம்தான் போகும். வெண்ணாற்று ஷட்டரை இறக்கிவிட்டால் எங்கள் ஊர் வாய்க்காலில் கெண்டைக்கால் நனையாது.

எம்எம்ஏ சண்டைக்கும் மூன்று இடங்கள் உண்டு. எட்டி நின்று குத்தி உதைப்பது ஒன்று. நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிக் கட்டிப் பிடிப்பது இன்னொன்று, அதற்கு க்ளின்ச் என்று பெயர். மூன்றாவது தரை. குத்துச்சண்டைக்காரர் முதல் இடத்தில் புலி, தரையில் விழுந்தால் கரையில் போட்ட விரால். அந்த மூன்றில் எங்கே சண்டை நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? எதிராளியைத் தள்ளவும் தெரிந்து, தன்னைத் தள்ள விடாமல் நிற்கவும் தெரிந்தவர். அதாவது மல்யுத்தக்காரர். அவர் கையில் இருப்பது ஷட்டர் சாவி.

கீழே தள்ளும் வேலைக்கு டேக்டவுன் என்று பெயர். தள்ள வரும்போது இரண்டு காலையும் பின்னால் வீசி, இடுப்பை அவர் முதுகின் மேல் பாறாங்கல் போல இறக்கித் தடுப்பது ஸ்ப்ரால். தள்ளிய பிறகு மேலே உட்கார்ந்து குத்துவது கிரவுண்ட் அண்ட் பவுண்ட். இந்த மூன்று சொல் தெரிந்தால் பாதி வர்ணனை புரிந்துவிடும்.

கபடி ஆடுகிறவனுக்கு இது ஏற்கெனவே பாதி தெரியும். பாடி வருகிறவனின் தொடையை மூலையில் நிற்பவன் எப்படிப் பிடிக்கிறான்? கையால் மட்டும் பிடித்தால் உதறிக்கொண்டு போய்விடுவான். தோளை அவன் தொடையில் ஒட்டி, காதை இடுப்பில் அழுத்தி, இரண்டு கையையும் முழங்காலுக்குப் பின்னால் பூட்டி, அப்புறம் காலால் தரையைத் தள்ள வேண்டும். இழுப்பது கை, வேலை செய்வது கால். மல்யுத்தத்தின் டபுள் லெக் டேக்டவுனும் ஏறக்குறைய இதேதான். வித்தியாசம் ஒன்று உண்டு. கபடியில் பிடிபட்டவன் கோட்டைத் தொட ஓடுவான். எம்எம்ஏவில் பிடிபட்டவன் உன் கழுத்தைத் தேடுவான். அதைப் பிறகு சொல்கிறேன்.

சோழ நாட்டுக்கு இது புதிதும் இல்லை. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைப் பாடும் சங்கப் பாட்டில், ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, மறு கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைகிறது. உறந்தையில் இருக்கும் தந்தை தித்தன் இதைப் பார்க்க வேண்டுமே என்று புலவருக்கு ஆதங்கம் வேறு. மார்பில் முழங்காலை வைத்து எதிராளியைத் தரையோடு பூட்டும் வேலையை இன்றைய எம்எம்ஏ கூடங்களிலும் முதல் மாதமே சொல்லித் தருகிறார்கள்.

கார்மியர் வந்த வழி

அமெரிக்காவில் யுஎஃப்சி என்ற எம்எம்ஏ போட்டி 1993 நவம்பரில் டென்வர் நகரில் தொடங்கியது. முதல் போட்டியில் ஜெயித்தது ஒல்லியான பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி, எல்லோரையும் தரையில் வைத்துச் சரணடைய வைத்தார். பிறகு மல்யுத்தக்காரர்கள் நுழைந்தார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடிய மார்க் கோல்மன் 1997 பிப்ரவரியில் யுஎஃப்சியின் முதல் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன் ஆனார். தள்ளுவது, மேலே ஏறுவது, குத்துவது, அவ்வளவுதான் அவர் வித்தை. அதே ஆண்டு ஜூலையில் மொரிஸ் ஸ்மித் என்ற கிக்பாக்ஸர் கீழே கிடந்தபடியே பொறுமையாகத் தாக்குப்பிடித்து, கோல்மனுக்கு மூச்சு வாங்கியதும் எழுந்து உதைத்து ஜெயித்தார். ஷட்டர் சாவி இருந்தாலும் மூச்சு இல்லையென்றால் திருப்ப முடியாது என்று அன்று தெரிந்தது.

கார்மியர் அதற்கு அடுத்த தலைமுறை. 1979இல் லூசியானாவின் லஃபயெட் நகரில் பிறந்தவர். ஏழு வயதில் அப்பாவைச் சுட்டுக் கொன்றார்கள். மல்யுத்தத்தில் வளர்ந்து, 2001 கல்லூரி இறுதிப் போட்டியில் கேல் சாண்டர்சனிடம் தோற்றார். அந்த சாண்டர்சன் கல்லூரிக் காலம் முழுக்க 159 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காதவர், ஆகவே அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2003இல் மூன்று மாதக் கைக்குழந்தையைக் கார் விபத்தில் இழந்தார். அடுத்த ஆண்டே ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 96 கிலோ பிரிவில் நாலாவது இடம். ஒரு படி தள்ளி வெண்கலம் போயிற்று. 2007 உலகப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது.

2008 பெய்ஜிங்கில் அவர் அமெரிக்க அணியின் தலைவர். ஆனால் களத்தில் இறங்கவே இல்லை. எடை குறைத்ததில் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

இதை நம் பையன்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே 55 கிலோ கபடி, 60 கிலோ கபடி என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். உரக்கடையிலிருந்து கொண்டுவந்த எலக்ட்ரானிக் தராசை மேடை ஓரம் வைப்பார்கள். முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்காதவன், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மத்தியான வெயிலில் வாய்க்கால் கரையில் ஓடியவன், காறிக் காறித் துப்பிக்கொண்டு நிற்பவன் என்று ஒரு வரிசை நிற்கும். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். பத்தொன்பது வயதில் ஒன்றரை நாள் பட்டினி கிடந்து 55க்குள் வந்தேன். முதல் பாதியிலேயே காது அடைத்து, யார் பாடி வருகிறார்கள் என்பதே தெரியாமல் நின்றேன். போட்டி நடத்தியவர்கள் ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அடுத்த பாதிக்கு இறக்கிவிட்டார்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தின் அளவு குறைகிறது, சிறுநீரகத்துக்குப் போக வேண்டிய ரத்தமும் குறைகிறது. ஒலிம்பிக் அணித் தலைவருக்கே, டாக்டர்கள் சுற்றி நிற்கும்போதே, அந்தக் கதி என்றால் உரக்கடைத் தராசுக்கு முன்னால் நிற்பவனுக்கு யார் இருக்கிறார்கள்?

பெய்ஜிங்குக்கு அடுத்த ஆண்டு கார்மியர் எம்எம்ஏவுக்கு வந்தார். வயது முப்பது. மல்யுத்தத்தில் அது ஏறக்குறைய ஓய்வு பெறும் வயது. சான் ஹோசே நகரில் உள்ள அமெரிக்கன் கிக்பாக்சிங் அகாடமியில் சேர்ந்தார். அங்கே அவரைப் போலவே மல்யுத்தத்திலிருந்து வந்த கெய்ன் வெலாஸ்கெஸ் இருந்தார், அடுத்த ஆண்டே யுஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். தினமும் அப்படிப்பட்ட ஒருவரிடம் அடி வாங்கிக் கற்றதுதான் கார்மியரின் பெரிய அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கிறேன். நம் ஊரிலும் நல்ல ஆட்டக்காரன் இருக்கிற தெருவில்தான் அடுத்த நல்ல ஆட்டக்காரன் வருகிறான்.

2009 செப்டம்பரில் ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் என்ற அமைப்பில் முதல் சண்டை. 2012இல் அதன் ஹெவிவெயிட் கிராண்ட் பிரீ (தோற்றவர் வெளியேறும் தொடர்) பட்டம். 2013இல் யுஎஃப்சி. ஹெவிவெயிட்டில் நண்பர் வெலாஸ்கெஸ் சாம்பியனாக இருந்ததால், அவரோடு மோத மனமில்லாமல் ஒரு படி கீழே 93 கிலோ பிரிவுக்கு இறங்கினார். சிறுநீரகம் ஒருமுறை கைவிட்ட மனிதர் நட்புக்காக மறுபடி எடை குறைக்கத் துணிந்தார். அங்கே 2015 ஜனவரியில் அந்தப் பிரிவின் சாம்பியன் ஜான் ஜோன்ஸிடம் முதல் தோல்வி. எம்எம்ஏவில் அதுவரை யாரும் கீழே தள்ளாத கார்மியரை ஜோன்ஸ்தான் முதலில் தள்ளினார். மல்யுத்தக்காரருக்கு அதைவிட ஊசி குத்தல் வேறு இல்லை. மே மாதம், ஜோன்ஸ் பறிகொடுத்த பட்டத்துக்கான சண்டையில் ஆன்டனி ஜான்சனை வென்று கார்மியர் சாம்பியன் ஆனார்.

2017 ஏப்ரலில் பஃபலோ நகரில் நடந்த எடை பார்ப்பு பற்றிச் சொல்லாமல் போனால் என் மருமகன் கோபித்துக்கொள்வான். வரம்பு 205 பவுண்டு, அதாவது அந்த 93 கிலோ. கார்மியர் ஏறினார், 206.2. அரை கிலோ கூடுதல். உள்ளே போய் இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தார். துணியில்லாமல் நிற்பதால் முன்னால் இரண்டு பேர் துண்டைப் பிடித்திருந்தார்கள். இவர் அந்தத் துண்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தராசு சரியாக 205 காட்டியது! துண்டை அழுத்தினால் உடம்பின் பாரத்தில் கொஞ்சம் துண்டு பிடித்தவர்கள் கைக்குப் போய்விடும். பல வருஷம் கழித்து அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். எங்கள் பக்கம் தராசின் மேல் நிற்கும்போது கூட்டாளியின் தோளில் 'சும்மா' கை வைப்பவர்களை எனக்குத் தெரியும், அதனால் நான் அதிகம் பேசக் கூடாது.

மறக்க வேண்டியது

மல்யுத்தக்காரர் எம்எம்ஏவுக்கு வந்தால் குத்தக் கற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் கஷ்டம் பழையதை மறப்பது.

மல்யுத்தத்தில் மல்லாந்தால் தோல்வி. ஆகவே விழும்போதே குப்புறத் திரும்பும்படி பத்து வயதிலிருந்து உடம்பைப் பழக்கியிருப்பார்கள். எம்எம்ஏவில் குப்புறத் திரும்பினால் முதுகைக் கொடுத்துவிட்டாய் என்று பொருள். எதிராளி முதுகில் ஏறி, கால்களால் இடுப்பைப் பின்னி, கையைக் கழுத்தில் சுற்றுவார். கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாயும் அடைபட்டால் சில வினாடியில் கண் இருளும். மல்லாந்து கிடப்பது அவமானம் இல்லை, சில நேரம் அதுவே பாதுகாப்பு என்று அந்த உடம்புக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும்.

தலை வைக்கும் இடமும் அப்படித்தான். அன்றிரவு மருமகனிடம், "சரி வா, என்னைத் தொடைப்பிடி போடு" என்றேன். வைக்கோல் பரப்பிய ஓரத்தில் நின்றோம். அம்பு மாதிரி வந்தான், பிடியும் சுத்தம். ஆனால் தலை என் இடுப்புக்கு வெளியே, குனிந்து கிடந்தது. நான் விழும்போதே அவன் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையையும் கோத்து மேலே இழுத்தேன். மூன்று எண்ணுவதற்குள் என் தொடையைத் தட்டிவிட்டான். அவன் கபடிப் பிடியில் ஒரு தப்பும் இல்லை. என்னைக் கீழே போட்டவனும் அவன்தான். தோற்றவனும் அவன்தான். இந்தக் கழுத்துப் பிடிக்குக் கில்லட்டின் என்று பெயர். தலையை நிமிர்த்தி, காதை விலாவோடு ஒட்டி உள்பக்கம் வைத்தால் கழுத்து அவ்வளவு எளிதில் சிக்காது. இரண்டாம் முறை அப்படி வந்தான். இடுப்பில் ஒரு வாரம் வலி இருந்தது எனக்கு.

இந்தியாவிலிருந்து இதே வழியில் போன ரித்து போகாட்டின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. ஹரியானாவின் பலாலி கிராமம், புகழ்பெற்ற போகாட் குடும்பம், 2017இல் 23 வயதுக்கு உட்பட்டோர் உலக மல்யுத்தத்தில் வெள்ளி. 2019இல் சிங்கப்பூர் போய் எம்எம்ஏ கற்று, ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பில் வரிசையாக ஜெயித்தார். ஏறக்குறைய எல்லாமே தள்ளி, மேலே ஏறி, அழுத்தி வந்த வெற்றி. 2021 டிசம்பரில் கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில் எதிரே தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், உதைத்துப் பெயர் வாங்கியவர். ரித்துவுக்குத் தரை சொந்த வீடு, ஸ்டாம்புக்கு அந்நிய ஊர் என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாம் ரவுண்டில் அதே தரையில் ஸ்டாம்ப் அவர் கையை நீட்டி முழங்கையில் பூட்டுப் போட்டு ஜெயித்தார். மேலே இருப்பவர் ஜெயிக்கிறார் என்பது மல்யுத்தக் கணக்கு.

காசு விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன், பெற்றோர்கள் கேட்பதால். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தக்காரருக்குப் படிப்பு முடிந்தபின் சம்பாதிக்கப் பெரிய தொழில்முறை லீக் வெகுகாலம் இருந்ததில்லை. அதனால் எம்எம்ஏ பக்கம் போவது அவருக்குப் பிழைப்பு வழி. இங்கே நிலைமை வேறு. கபடியிலோ மல்யுத்தத்திலோ சான்றிதழ் இருந்தால் ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வாசல் இருக்கிறது. எம்எம்ஏ ஒலிம்பிக்கிலும் இல்லை. வேலை கையில் வந்தபின் ஆசைக்குப் பழகு என்பதுதான் மருமகனுக்கு நான் சொன்னது. அவன் அம்மா எதிரில் நின்றதால் சொன்னேன் என்று நினைக்கிறான்.

கார்மியர் 2018 நவம்பரில் டெரிக் லூயிஸைக் கழுத்துப் பிடியில் வென்று, ஜூலையில் மியோசிச்சிடம் பறித்து 93 கிலோ பட்டத்தோடு சேர்த்துக்கொண்ட ஹெவிவெயிட் பட்டத்தைக் காத்தார். 2019 ஆகஸ்டில் மியோசிச் திரும்பி வந்து நாலாவது ரவுண்டில் விலாவுக்குக் கீழே இடது கையால் குத்திக் குத்திச் சாய்த்தார். ஓராண்டு கழித்து மூன்றாவது முறையும் மியோசிச்சே. 41 வயதில் கார்மியர் ஓய்வு பெற்றார். மொத்தம் 22 வெற்றி, 3 தோல்வி, முடிவில்லாத சண்டை ஒன்று. அந்த ஒன்றில் ஜோன்ஸ் ஜெயித்திருந்தார். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியதால் முடிவை ரத்து செய்தார்கள்.

மருமகன் கேட்ட கேள்விக்கு இனி வரலாம். பனைமரத்தைத் தொப்பைக்காரர் எப்படிச் சாய்த்தார்? தூக்கிப் போட்டல்ல. ஒரே ஒரு வலது குத்து. ஒலிம்பிக் மல்யுத்தக்காரரின் ஆகப் பெரிய வெற்றி கைக்குத்தில் வந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். ஆனால் அந்தக் குத்து க்ளின்ச்சில் முளைத்தது. இந்த ஆள் எப்போது தூக்கிப் போடுவானோ என்ற நினைப்பு மியோசிச்சுக்கு இருந்தே தீரும். அப்படி நினைக்கிறவரின் கை இடுப்பைக் காக்க இறங்கும், முகம் காலியாகும்.

அந்தச் சண்டையைப் பார்ப்பவர்கள் குத்தைப் பார்க்காதீர்கள். முதல் ரவுண்டில் நாலரை நிமிடம் ஆகும் வாக்கில் இருவரும் கட்டிப் பிடித்திருந்து விலகுவார்கள். ஆட்டத்தை அங்கே நிறுத்தி, மெதுவாக ஓட விட்டு, கார்மியரின் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மியோசிச்சின் அக்குளுக்குள், ஆளை விட மனமில்லாமல், இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்.